எட்டு டிகிரித் தண்ணீர்

வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாத்தனாரின் வேலையைப் பற்றிச் சொல்லும்போது அண்ணி எப்போதும் "தண்ணி ஆபீஸ்ல கெமிஸ்டு" என்றுதான் சொல்வாள். எந்தத் தண்ணி என்பதை விட்டுவிடுவாள். ஊரே குளித்து, துவைத்து, கழுவி, கழிப்பறையில் இழுத்துவிட்ட தண்ணீர் குழாய் வழியாக வந்து சேருகிற இடம் அது. அதைச் சுத்தப்படுத்தி ஆற்றில் விடுவார்கள். விடுவதற்கு முன், சுத்தமாகத்தான் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது நாத்தனாரின் வேலை. பதினோரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வது கிருமிகள். நான்கு பெரிய தொட்டிகள். அடியிலிருந்து ராத்திரி பகலாகக் காற்று கொப்பளித்துக்கொண்டிருக்கும். பழுப்பு நிறச் சேறு அதில் சுழலும். அந்தச் சேறு முழுக்க உயிர். அழுக்கைத் தின்னும் கூட்டம் ஒன்று உண்டு. பந்திக்கு முந்துகிற கூட்டம், எதைப் போட்டாலும் தின்று சீக்கிரம் பெருகும். அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் வேறு. அது எண்ணிக்கையில் கொஞ்சம், பெருகுவதிலும் மந்தம், சூடு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. புதுப் பெண்டாட்டி மாதிரி பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்வாள். கல்யாணமே வேண்டாம் என்றவள் வாயிலிருந்து அது வருவதால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

காலையில் வந்ததும் ஒரு சொட்டுச் சேற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். காம்பில் தொங்கும் மணி போன்ற சிறு பிராணிகள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "குடித்தனம் நல்லா நடக்குது" என்று பம்பு மெக்கானிக்கிடம் சொல்வாள். எல்லாரும் 'ஸ்பானர்' என்று கூப்பிடும் அந்த ஆள், "நம்ம வீட்டுலதான் நடக்க மாட்டேங்குது" என்பான்.

வீடு மாடியும் கீழுமாக இரண்டு பாகம். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் அவள். சாப்பாடு மட்டும் கீழே. அண்ணன் இரண்டு தெரு தள்ளியிருந்த சாயமில்லில் பாய்லர் ஃபோர்மேன். இருபத்திரண்டு வருஷம் நீராவியோடு பழகியதால் மில்லில் அவருக்கு 'ஆவி' என்று பேர். "ஆவி வருதுடா" என்று கத்தினால் தூங்குகிறவன் எழுந்து நின்றுகொள்வான். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அந்த பாய்லர் ரூமில் அவர் இரட்டை ஷிப்டு பார்த்த வருஷங்கள்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளும் மறந்ததில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் முற்பகல், ஸ்பானர் லேபுக்குள் கையை உதறிக்கொண்டே வந்தான்.

"அக்கா, வாசல் கால்வாயில கை வச்சேன். டீத்தூள் போட்டா டீயே போட்டுரலாம்."

அவள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். மில்லிலிருந்து வரும் குழாயில் நாற்பத்தாறு டிகிரி. காற்றுத் தொட்டியில் நாற்பது. சூடான தண்ணீரில் காற்று கரையாது; கிருமிகளுக்கு மூச்சுத் திணறும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணிகள் ஒன்றுகூட இல்லை, வெறும் காம்புகள். மூன்றாம் நாள் வெளியே போகும் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிப் போயிற்று. ஆற்றங்கரைக்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "ஏண்ணா, மில்லுத் தண்ணி ஏன் இப்படிக் கொதிக்குது?"

"கூலிங் டவர் ஃபேன் மோட்டார் எரிஞ்சுபோய் ஒரு மாசமாச்சு. புது மோட்டார் கேட்டா, இந்தா அந்தாங்கறான். ஆறாமதான் போகுது தண்ணி." அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். தங்கையிடம் மில் கதை பேசுவது அவருக்கு வழக்கம். அதில் எதையும் அவர் யோசித்துச் சொல்வதில்லை.

அவள் ரிப்போர்ட் எழுதினாள். மோட்டாரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அண்ணன் பேர் அதில் எந்த மூலையிலும் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். ஒன்பது நாள், மணிக்கு மணி, குழாயின் சூடு, தொட்டியின் சூடு, வெளியே போன தண்ணீரின் கலங்கல். அவ்வளவுதான். கடைசியில் 'மில் கழிவின் வெப்பமே காரணம்' என்று ஒரு வரி. கையெழுத்து.

நிலையத்தின் கண்காணிப்பாளர் அதை மேலே அனுப்பினார். மேலேயிருந்து மில்லுக்கு நோட்டீஸ் போயிற்று. மோட்டார் வாங்குவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு மோட்டார், பெரிய விஷயமே இல்லை. மில் முதலாளிகள் வேறு ஊரில் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தார்கள். நோட்டீஸ் வந்த எட்டாம் நாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. 'கழிவுநீர் நிலையத்தின் அறிக்கையை முன்னிட்டு ஆலை மூடப்படுகிறது' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே அவளுடைய ரிப்போர்ட்டை நகல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கையெழுத்து துல்லியமாகத் தெரிந்தது.

முன்னூறு பேர் அந்தக் கையெழுத்தை நின்று படித்தார்கள். அண்ணனும் படித்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "உன் தொட்டியில இருக்கிற பூச்சிங்க எல்லாம் நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.

"அண்ணா, நான் மூடச் சொல்லலையே. சூட்டைக் குறைக்கத்தானே..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நல்லா இருக்குதா?"

"தேறிடும்" என்றாள்.

"அப்ப சரி. யாராவது தேறினா சரி."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. சாப்பாடு மாடிக்கு வந்தது, தட்டு மேல் தட்டு மூடி. கொண்டுவருகிற அண்ணி படிக்கட்டிலேயே நின்று, "கொஞ்ச நாள் போகட்டும். கோபம் உன் மேல இல்ல. வேற யார் மேல காட்டுறதுன்னு தெரியல" என்பாள். தெருவில் மில்காரக் குடும்பங்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒருத்தி மட்டும் நிறுத்தாமல், அவள் காது கேட்க, "ஆத்துல போற அசிங்கத்துக்கு இருக்கிற அக்கறை..." என்று பாதியில் விட்டாள். மீதியைக் கேட்டவள் தானே நிரப்பிக்கொண்டாள்.

தொட்டிகள் தேறின. மணிகள் திரும்ப வந்தன. ஆற்றுத் தண்ணீர் கண்ணாடியாயிற்று. ஒரு பத்திரிகையில் ஆற்றின் படம்கூட வந்தது.

கோடை முடியும் சமயத்தில் அண்ணன் தானாகவே மாடிக்கு ஏறி வந்தார். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"கீழாத்துப் பக்கம் மூணு குளம் குத்தகைக்கு வருது. மீன் வளர்க்கலாம்னு பார்க்கிறேன். மில்லுல கொடுத்ததை வச்சுக்கிட்டு எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறது? தண்ணி ஆத்துலேர்ந்துதான் ஏத்தணும். நீ சொல்லு. ஆத்துத் தண்ணி நல்லா இருக்குமா?"

மறுநாளே ஆற்றில் மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்தாள். அம்மோனியா இல்லையென்றே சொல்லலாம். காகிதத்தைக் கீழே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

"மில்லுச் சூடும் இல்ல, சாயமும் இல்ல. இனிமே இந்த ஆத்துக்கு ஒரு குறையும் வராது. தைரியமா இறங்குங்கண்ணா."

"நீ சொன்னாச் சரி" என்றார் அவர். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணி தேவையில்லாமல் மூன்று தடவை பரிமாறினாள்.

மீன்குஞ்சுகள் வந்தன. விடுமுறை நாட்களில் அவளும் குளத்துக்குப் போவாள். பாய்லரைப் பார்த்துப் பார்த்து மீட்டர் முள்ளைப் போலவே ஆகிப்போயிருந்த அண்ணன், கரையில் நின்று தீனி வீசும்போது வேறு ஆளாக இருந்தார். "பாரு, என் சத்தம் தெரியுது இதுங்களுக்கு. முன்னூறு பேரை மேய்ச்சதுக்கு இது எவ்வளவோ மேல். ஒண்ணும் எதிர்த்துப் பேசாது" என்றார். பின் பனிக்காலம் கழிந்தால் பிடித்து விற்றுவிடலாம் என்று கணக்கு.

இலைகள் உதிர்ந்து முடிந்த வாரத்தில் கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. முடிவெடுக்கிற வேலை வந்தால் மட்டும் பேனாவை மூடிவிடுவார். மற்றபடி யாருக்கும் தீங்கு நினைக்காதவர்.

"ஏம்மா, போன குளிர்ல என்ன ஆச்சு? சேறு அள்ளுற லாரி ரோடு வழுக்குதுன்னு வரல. சேறு கொட்டி வைக்கிற யார்டு ரொம்பி வழிஞ்சு எனக்குத்தான் மெமோ வந்துச்சு. இந்தத் தடவை முன்னாடியே தொட்டியில இருக்கிற சேத்தைப் பாதிக்கு மேல எடுத்து அனுப்பிடலாம். லாரி இந்த மாசம் வரைக்கும்தான் இருக்கு."

"சார், குளிருக்கு முன்னாடி சேத்தைக் குறைக்கக் கூடாது. குளிர்ல கிருமி மெதுவாத்தான் பெருகும். பழைய சேறு நிறைய இருந்தாத்தான் அம்மோனியா அடங்கும்."

"புஸ்தகத்துல அப்படித்தாம்மா இருக்கும். நம்ம தொட்டி என்னைக்கு ஜில்லுனு ஆயிருக்கு? பதினோரு குளிர்காலம் நீ பார்த்திருக்க. என்ன டிகிரிக்குக் கீழ போச்சு?"

"பதினேழு."

"அப்புறம் என்ன?"

அவர் சொன்னது உண்மை. வெளியே புல் நுனியில் பனி உறைகிற நாட்களிலும் தொட்டி பதினேழுக்குக் கீழே போனதில்லை. மற்ற ஊர் நிலையங்களில் குளிர்காலம் வந்தால் கெமிஸ்டுகள் தலையில் கையை வைத்துக்கொள்ளும்போது, இவள் தொட்டி மட்டும் கல்லுக்குண்டாக ஓடும். கூட்டங்களில் "எப்படி மேடம்?" என்று கேட்பார்கள். பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்பாள். அதைத் தன் கைராசி என்று அவளே நம்பியிருந்தாள்.

"எழுத்துல கொடுங்க சார்" என்று மட்டும் கேட்டாள்.

"நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து? மில் விஷயத்துல நீ எழுதினதை ஒரு வரி மாத்தாம அனுப்பினேனா இல்லையா?"

அனுப்பினார்தான். அவள் போய்ச் சேற்றை இறக்கும் வால்வைத் திறந்தாள். மூன்று வாரம் தினமும் திறந்தாள். பதிவேட்டில் தன் கையாலேயே எழுதி, தன் கையெழுத்தையே போட்டாள். பழுப்புத் தொட்டி நாளுக்கு நாள் வெளிறி, கடைசியில் பால் அதிகமான காப்பி மாதிரி ஆயிற்று. லாரிகள் போயின. யார்டு துடைத்த மாதிரி இருந்தது. கண்காணிப்பாளர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

பிறகு குளிர் வந்தது.

முதல் வாரத்தில் தொட்டி பதினாறு காட்டியது. தெர்மாமீட்டர் பழுதென்று நினைத்து வேறொன்றை இறக்கிப் பார்த்தாள். அதுவும் பதினாறு. அடுத்த வாரம் பதின்மூன்று. அப்புறம் பதினொன்று. காற்றடிக்கும் பம்புகளை ஸ்பானர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒன்றிலும் கோளாறு இல்லை.

"என்னக்கா இது? எந்த வருஷமும் இப்படி இல்லையே. தொட்டி மேல ஆவி பறக்கும் பாருங்க காலையில, அதுகூட இந்த வருஷம் காணோம்."

அவன் யோசிக்காமல் சொன்ன 'ஆவி' என்ற வார்த்தை அவள் உச்சந்தலையில் இறங்கியது. மில் குழாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். கால்வாயின் அந்த வாய் காய்ந்து, உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது.

பதினோரு குளிர்காலமும் அந்தத் தொட்டியைக் காத்தது அவளுடைய கைராசி அல்ல. மில்லின் வெந்நீர். அண்ணன் அங்கே பாய்லரை எரித்த சூடுதான் குழாய் வழியாக வந்து, இங்கே அவளுடைய குடித்தனத்துக்குக் கணப்பாக இருந்திருக்கிறது. கோடையில் கொன்றதும் அந்தச் சூடுதான், குளிரில் பிழைக்க வைத்ததும் அதுதான். கொன்றதை மணிக்கு மணி எழுதி வைத்தாள். பிழைக்க வைத்ததை ஒரு வருஷம்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. யாருமே கேட்டதில்லை. நன்றாக நடக்கிறவரைக்கும் ஏன் நடக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

எட்டு டிகிரிக்கு வந்தபோது அம்மோனியா தின்னும் கூட்டம் முற்றாக நின்றுபோயிற்று. நிறையச் சேறு இருந்திருந்தால், மெதுவாகவேனும் தின்றிருக்கும். பாதிக்கு மேல் அவளே வால்வைத் திறந்து லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. மிச்சம் இருந்தவை பெருகுவதற்குள் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போயின. வருகிற அம்மோனியா வந்தபடியே வெளியே போயிற்று. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆறு அந்த மாதங்களில் ஒல்லியாக ஓடும். ஓடுவதில் முக்கால்வாசி நிலையம் விட்ட தண்ணீர்தான்.

அவள் சேறு எடுப்பதை நிறுத்தினாள். காற்றைக் கூட்டினாள். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து நல்ல சேறு நாலு லாரி கொண்டுவந்து கலந்தால் ஒரு வாரத்தில் நிமிர்த்திவிடலாம் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னாள்.

"சேத்தை அனுப்பிட்டுச் சேத்தையே கடன் வாங்கினா மேலே என்ன கேப்பாங்க? ஃபைல் போடும்மா, பார்க்கலாம்" என்றார்.

ஃபைல் போட்டாள். அது போன இடத்தில் படுத்துக்கொண்டது.

அம்மோனியா ஏறியதை அவள் முதலில் பார்த்ததும், இதையெல்லாம் செய்ததும் ஒரே திங்கட்கிழமை. அன்றே அண்ணனிடம் 'ஆத்துத் தண்ணி ஏத்தாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழே இறங்கினால் பதின்மூன்று படி. சொல்லவில்லை. சோதனையை இன்னொரு தடவை செய்து பார்க்கலாம் என்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை இன்னும் ஏறியது. முந்தின ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் அண்ணன், "குளத்துத் தண்ணி இறங்கியிருக்கு, ஏத்தணும்" என்று சொல்லியிருந்தார். அவள் காதில் விழுந்தது. நாளைக்குக் குறைந்துவிடும், பக்கத்து ஊர் லாரி வந்துவிடும், எதற்கு அதற்குள் சொல்லி மறுபடி அந்த முகத்தைப் பார்ப்பது என்று வாயை மூடிக்கொண்டாள். 'தைரியமா இறங்குங்க' என்று சொன்ன வாய் அது.

புதன்கிழமை மதியம் தாங்க முடியாமல் பர்மிஷன் போட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடினாள். நல்ல வெயில். குளிர்காலத்தில் அப்படி ஒரு வெயில் அடித்தால் ஊரே சந்தோஷப்படும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க! மோட்டாரை நிறுத்துங்க!"

அவர் ஓடிப்போய் நிறுத்தினார். "என்ன? என்ன ஆச்சு?"

"எப்பலேர்ந்து ஏத்துறீங்க?"

"நேத்து காலையிலேர்ந்து. ஏன்?"

அவள் கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். மூன்று குளத்திலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயிலில் பாசி வேலை செய்யச் செய்ய, தண்ணீரின் குணம் மாறி, அம்மோனியா முழு நஞ்சாகும். அது அவளுக்குத் தெரியும். அந்த வெயிலை அவளால் என்ன செய்ய முடியும்?

"பசிக்குது போல" என்று அண்ணன் தீனிக் கூடையை எடுத்தார்.

"போடாதீங்கண்ணா. அது பசி இல்ல."

சாயங்காலத்துக்குள் முதல் குளம் வெள்ளையாக மிதந்தது. மறுநாள் காலையில் மற்ற இரண்டும். அண்ணனும் அண்ணியும் அவளும் இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் நின்று வலையால் வாரி வாரிக் கரையில் கொட்டினார்கள். அண்ணி அழுதுகொண்டே வாரினாள். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுத்தான் அண்ணன் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "திங்கட்கிழமை" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மீன் செத்த செய்தி வெளியே வந்ததும் மேலேயிருந்து விசாரணைக்கு உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் ரிப்போர்ட்டைத் தானே தயார் செய்து கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். நன்றாகவே எழுதியிருந்தார். 'வழக்கத்துக்கு மாறான கடுங்குளிரால் உயிரியல் சுத்திகரிப்பு தற்காலிகமாகக் குன்றியது. இது இயற்கைக் காரணம். பணியாளர் எவர் மீதும் தவறில்லை.'

"கையெழுத்துப் போடும்மா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. குளிரை யார் சஸ்பெண்டு பண்ண முடியும்?"

"இயற்கைன்னு எழுதினா எங்க அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைக்காது சார்."

"உண்மையை எழுதினா உனக்கு வேலை கிடைக்காது. பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்குன்னு பார்த்துக்கோ. நான் சொன்னேன்னு எங்கேயாவது இருக்கா?"

மிரட்டுகிற குரலே அல்ல அது. குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்கிற குரல்.

அவள் அந்தக் காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுத் தனியாக ஒன்று எழுதினாள். மில் நின்றதால் தொட்டியின் சூடு குறைந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, தானும் எதிர்பார்க்கவில்லை. வாய் உத்தரவின் பேரில் சேறு எடுக்கப்பட்டது, எடுத்தது தான். திங்கட்கிழமை அம்மோனியா ஏறியது தெரிந்தும் ஆற்றங்கரைக்காரர்களை எச்சரிக்காதது தன் தவறு. எல்லாவற்றையும் தேதியோடு எழுதினாள். எழுதி முடித்தபோது, வேலை போனாலும் போகட்டும், அண்ணனுக்கு ஏதோ கிடைக்கும் என்று மனசு லேசாயிற்று.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. வாய் உத்தரவுக்கு ஆதாரம் இல்லை என்று கண்காணிப்பாளரை விட்டுவிட்டார்கள். கவனக்குறைவு என்று அவளை லேபிலிருந்து தூக்கி, வீடுவீடாகக் குடிநீர் மீட்டர் பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். நஷ்டஈடு மனுவைத் தள்ளினார்கள். அண்ணன் எடுத்த குளங்களுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அனுமதிக் கடிதம் இல்லையாம். குத்தகைக்கு விட்டவன் இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

அந்த உத்தரவு வந்த அன்று மாடிப்படியில் அண்ணனின் கால் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ எழுதினதைப் படிச்சேன். தைரியம்தான்" என்றார்.

அவள் அந்த உத்தரவை மடித்து வைத்தாள்.

"முதல்ல மில்லைப் பத்தி உண்மையை எழுதின. என் வேலை போச்சு. இப்ப ஆத்தைப் பத்தி உண்மையை எழுதின. உன் வேலை போச்சு. ரெண்டும் உண்மைதான், நான் இல்லைங்கல. ஆனா ஒண்ணு சொல்லு. எழுத வேண்டியதை எல்லாம் எழுதுற. சொல்ல வேண்டியதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குற? அன்னைக்குத் திங்கட்கிழமை நீ கீழதானே உட்கார்ந்து சாப்பிட்ட? என் எதிர்லதானே?"

"பயமா இருந்துச்சுண்ணா."

"யாரைப் பார்த்து?"

"உங்களைப் பார்த்து. மறுபடி பேசாம இருந்துருவீங்களோன்னு."

அண்ணன் அவளைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "அது சரி" என்று எழுந்துகொண்டார். "பேசாம இருக்கிறதுல நீ என்னையே மிஞ்சிட்ட."

மில் முதலாளிகள் புது ஊரில் பாய்லர் ஏற்றிவிட்டு, பழைய ஆட்களில் வேண்டியவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபோர்மேனாக அல்ல, சாதாரண ஆளாக வருவதானால் வரலாம் என்று அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் கீழ்வீடு காலியாயிற்று. அண்ணி மட்டும் மாடிக்கு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் வீடு செட்டானதும் நானே கூப்பிடுறேன். நீயா ஃபோன் பண்ணாத. அவருக்கு இன்னும்..." என்றாள். பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். வண்டியில் அண்ணன் முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது.

வெயில் காலம் திரும்பியதும் தொட்டி தானாகவே பதினைந்து டிகிரிக்கு ஏறியது, பிறகு பதினெட்டு. எஞ்சியிருந்த கிருமிகள் பெருகின. அம்மோனியா அடங்கியது. இதையெல்லாம் அவளுக்குச் சொன்னது ஸ்பானர். ஒரு தெருமுனையில், மீட்டர் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, தண்ணி இப்ப ஏ ஒன். மேலேயிருந்து வந்து பார்த்துட்டு, நெருக்கடியிலேர்ந்து நிலையத்தை மீட்டார்னு நம்ம சாருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்துட்டாங்க. கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு."

"அவர் என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணல. வெயில் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "புதுக் கெமிஸ்டு யாரு?" என்று கேட்டாள்.

"சின்னப் பொண்ணு. நல்லாத்தான் வேலை பார்க்குது. குளிர் வந்தா என்ன பண்ணணும்னு உங்ககிட்டக் கேக்கணும்னு சொல்லுச்சு. நம்பர் கொடுக்கட்டுமா?"

"கொடு" என்றாள். "எது கேட்டாலும் உடனே சொல்றேன்னு சொல்லு."

ஸ்பானர் போனதும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது பழைய மில்காரர் ஒருவரின் மனைவி. அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மீட்டர் பின்னாடி இருக்கு, சுத்திக்கிட்டுப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவள் செருப்பைச் சரி செய்துகொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.